எஞ்சின் வெட்டும் வரைக்கும்

காலை ஏழு மணிக்கு வலியசாலையில் எங்கள் தெருவில் யாரும் முக்கியமான பேச்சை எடுக்கமாட்டார்கள். எடுத்தால் பாதியில் நிறுத்தவேண்டி வரும். எதிர்வீட்டு அண்ணா தன் வண்டியைக் கிளப்புகிற நேரம் அது.

வண்டி என்றால் நீங்களும் நானும் ஓட்டுகிற மாதிரி வண்டி இல்லை. இரண்டே இருக்கை, மடக்கி எடுக்கிற மேற்கூரை, தரையோடு ஒட்டிக்கொண்டு நிற்கிற மஞ்சள் நிற ஸ்போர்ட்ஸ் கார். வர்க்கலையில் கல்ஃபிலிருந்து திரும்பிய ஒருவர், இரண்டாவது குழந்தை பிறந்ததும் உட்காரவைக்க இடமில்லாமல் விற்றது. பழைய வண்டிதான். ஆனால் ஒரு சுவரை இரண்டு வீடுகள் பங்குபோட்டுக்கொள்கிற அக்ரஹாரத்தில் அதைக் கொண்டுவந்து நிறுத்தியபிறகு, பூக்கூடையோடு கோயிலுக்குப் போகிறவர்கள் ஒருக்களித்துத்தான் போகவேண்டியிருந்தது.

முதலில் கொஞ்ச நேரம் சும்மா ஓடவிடுவார். எண்ணெய் சூடாகவேண்டுமாம். அதுவரை ஸ்டீயரிங்கில் விரல் தாளம் போடும். அப்புறம் கியரைப் போடாமலே ஆக்ஸிலரேட்டரை அடிவரைக்கும் அமுக்குவார். எஞ்சின் சுற்றைக் காட்டுகிற முள் ஏறும். சிவப்புக் கோட்டைத் தொட்டதும் உள்ளே இருக்கிற கம்ப்யூட்டர் பெட்ரோலை வெட்டிவிடும். முள் ஒரு இம்மி இறங்கும். இறங்கியதும் பெட்ரோல் திரும்ப வரும், முள் ஏறும், மறுபடி வெட்டும். காலை எடுக்காதவரைக்கும் இதுதான் நடக்கும். இப்படி வெட்டுவதற்குத்தான் ரெவ் லிமிட்டர் என்று பெயர். வெளியே இருக்கிற நமக்கு, தடதடதடவென்று எஞ்சினுக்கு விக்கல் எடுத்த மாதிரிக் கேட்கும். ஜன்னல் கம்பி அதிரும். பின்னால் குழாயில் பட்பட்டென்று வெடிக்கும்.

எனக்கு அந்தச் சத்தம் பிடிக்காது. பிடிக்காது என்பது மரியாதைக்குச் சொல்கிற சொல்.

அப்போது அவருடைய அக்கா ஈரக்கையைப் புடவைத் தலைப்பில் துடைத்தபடி வாசல்படிக்கு வருவாள். "மதிடா" என்பாள். மலையாளத்தில் மதி என்றால் போதும். எங்கள் தெருத் தமிழில் அது எப்போதோ சொந்த வார்த்தையாகிவிட்டது. அவள் கத்திச் சொல்லமாட்டாள். உள்ளே குழம்பு கொதிக்கிறதா என்று கேட்கிற குரலில்தான் சொல்வாள். அந்தச் சத்தத்துக்கு நடுவே அது காதில் விழ வழியே இல்லை. ஆனாலும் அவர் அந்த நொடியே காலை எடுத்துவிடுவார். தெரு பழையபடி பேச ஆரம்பிக்கும்.

நான் திருநெல்வேலிக்காரி. கழக்கூட்டத்தில் ஒரு ஐ.டி. கம்பெனியில் டெஸ்டிங் வேலை. எது எங்கே உடையும் என்று அமுக்கிப் பார்ப்பதுதான் எனக்குச் சோறு போட்டது. கழக்கூட்டத்து ஃபிளாட்டுகள் மூச்சு முட்டியதால், தூரமானாலும் பரவாயில்லை என்று வலியசாலையில் ஒரு மேல்மாடியை வாடகைக்கு எடுத்திருந்தேன். நேர் எதிரே அவர்கள் வீடு. அண்ணாவுக்கு அப்போது நாற்பதைத் தாண்டியிருந்தது. அக்கா அவரைவிட மூத்தவள். இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. பெற்றவர்கள் போய்ப் பல வருடம். அந்த வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான்.

சாலைக் கடைத்தெருவில் அவருக்கு மின்சாரச் சாமான் கடை. ஸ்டெபிலைசர், தொட்டி நிறைந்தால் மோட்டாரைத் தானே நிறுத்துகிற ஸ்விட்ச், லோடு அதிகமானால் தானே விழுகிற எம்.சி.பி. கடையில் பாதி, எதையாவது தானே நிறுத்துகிற சாமான்தான். விற்கிறவருக்கு மட்டும் தானே நிற்கத் தெரியாது என்று தெருவில் ஒரு கேலி உண்டு. அதை ஆரம்பித்துவைத்தது நீதான் என்று அக்கா என்னைச் சொல்வாள். இருக்கலாம்.

நிற்கத் தெரியாது என்றால் நிஜமாகவே தெரியாது. ஓணத்தை ஒட்டிக் கோயில் சாப்பாட்டுக்கூடத்தில் ஒரு விருந்து. பாலடைப் பாயசத்தை இலையில் விட்டுக்கொண்டே வந்தார் பரிமாறுகிறவர். எல்லோரும் இரண்டு கரண்டி விழுந்ததும் கையைக் குறுக்கே நீட்டினார்கள். அண்ணா நீட்டவில்லை. பரிமாறுகிறவர் இவர் முகத்தைப் பார்ப்பார், ஒரு கரண்டி விடுவார். மறுபடி பார்ப்பார், மறுபடி விடுவார். வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பாயசம் இலை விளிம்பைத் தாண்டிப் பக்கத்து இலைக்காரர் வேட்டியைத் தொடப் போயிற்று. அப்போதுதான் எதிர்வரிசையிலிருந்து அக்கா "மதிடா" என்றாள். உடனே இவர் கை இலைமேல் கவிழ்ந்தது. வாளியைத் தூக்கிக்கொண்டிருந்தவருக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

சண்டையும் அப்படித்தான். கோயில் கமிட்டிக் கூட்டத்தில் சாக்கடை விஷயமாகப் பேச எழுந்தார் என்றால் குரல் ஏறும், இன்னும் ஏறும். உச்சிக்குப் போனதும் அதற்கு மேல் போக இடமில்லாமல் ஒரே சொல்லில் தட்டிக்கொண்டு நிற்பார். "நியாயமா, நியாயமா, நியாயமா" என்று. யாரும் அடக்க முடியாது. அக்காவுக்கு ஆள் போகும். அவள் அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து வாசலில் நின்று ஒரு சொல் சொல்வாள். அவர் உட்கார்ந்துவிடுவார். உட்கார்ந்தபிறகும் வலதுகால் மட்டும் ஆடிக்கொண்டிருக்கும். அந்தக் கால் தூக்கத்திலும் ஆடும் என்று அக்கா சொல்லியிருக்கிறாள்.

எனக்கு அவரைக் கண்டால் எரிச்சலும் வரும், சிரிப்பும் வரும். பிரியம் இல்லை என்று சொன்னால் பொய். என் வீட்டு மோட்டார் கெட்டால் கடையைப் போட்டது போட்டபடி ஓடிவருவார். காய்ச்சல் என்றால் அக்கா கையில் ரசம் கொடுத்தனுப்பிவிட்டு, தெருவில் நின்று மேலே பார்த்து, "குடிச்சியோ? குடிச்சியோ? குடிச்சியோ?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். குடித்துவிட்டேன் என்று நான் சொன்னாலும் விடமாட்டார்.

ஒரு மழை நாளில் பஸ் கிடைக்காமல் நின்றபோது, "ஏறிக்கோ, கழக்கூட்டத்துல விட்டுடறேன்" என்றார். செத்தோம் என்று நினைத்துக்கொண்டுதான் ஏறினேன். ஈஞ்சக்கல் தாண்டி பைபாஸில் ஏறினால் ரோடு காலி. இவர் இடது ஓரமாக, ஆட்டோக்காரன் ஹாரன் அடித்துத் தாண்டிப்போகிற வேகத்தில் போய்க்கொண்டிருந்தார்.

"என்னண்ணே, ரோடு சும்மாதான கெடக்கு. அமுக்கலியா?"

"என்னத்துக்கு? பெட்ரோல் வேஸ்டாக்கும்."

"காலைல வீட்டு முன்னால நிறுத்திவச்சு அமுக்குதீங்களே, அது வேஸ்ட் இல்லியா?"

சிரித்தார். பதில் வராத கேள்விக்கு அவர் எஞ்சினைப் பற்றிப் பாடம் எடுப்பார். அன்றும் எடுத்தார். சிவப்புக் கோட்டைச் சும்மா தொட்டுவிட்டுக் காலை எடுத்தால் எஞ்சினுக்கு ஒன்றும் ஆகாதாம், லிமிட்டர் இருப்பதே அதற்குத்தானாம். கியர் மாற்றும்போது தப்பான கியரில் இறக்கிவிட்டால் மட்டும் லிமிட்டரால் ஒன்றும் செய்யமுடியாது, சக்கரமே எஞ்சினை இழுத்துச் சுழற்றிவிடும் என்றார்.

"அமுக்கிப் பிடிச்சு வச்சா?" என்று கேட்டேன்.

"பிடிச்சு வச்சா கேடு. எரியாத பெட்ரோல் பின்னால குழாயிலே போய் எரியும். அதுதான் அந்த வெடி. குழாய் பழுக்கக் காயும். வண்டி நிக்கறதோல்லியோ, காத்தே போகாது. எண்ணெய் நீர்த்துடும். பேரிங் தேயும். பின்னே எஞ்சினை மறந்துட வேண்டியதுதான். இப்போ வர வண்டியிலெல்லாம் நின்ன இடத்துல அவ்வளவு தூரம் ஏறவே விடமாட்டான். இது பழசு."

"இவ்வளவும் தெரிஞ்சுமா பண்ணுதீங்க?"

"நான் எங்கே பிடிச்சு வைக்கறேன்? அவதான் வந்துடறாளே" என்றார்.

அன்று சாயங்காலமும் அவரே வந்து என்னைக் கூட்டிக்கொண்டு திரும்பியபோது ஒன்றைக் கவனித்தேன். வண்டியை வீட்டு முன்னால் நிறுத்திவிட்டு, முன்னும் பின்னும் நகர்த்தி நகர்த்திச் சரிசெய்தார். இடிக்காமல் நிறுத்துகிறார் என்றுதான் தெருவே நினைத்திருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. உள்ளே இருக்கிற கண்ணாடியில் அவர் வீட்டு வாசல்படி முழுதாகத் தெரிந்தபிறகே எஞ்சினை அணைத்தார். அக்காவின் குரலை அவர் எப்படிக் கேட்கிறார் என்று அதுவரை எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அவர் கேட்கவே இல்லை. அவள் வாய் அசைவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா ஊரில் இல்லாத நாட்களில் தெரு அமைதியாக இருந்ததும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அவள் பாலக்காட்டுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த வாரம் அவர் வண்டியை எடுக்கவேயில்லை. கதவைத் திறப்பார், மூடுவார், கடைக்கு நடந்தே போவார். அந்த வாரம் அவரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

அக்காவுக்கு வரன் வராமலில்லை. முன்பெல்லாம் நிறைய வந்ததாம். நான் இருந்தபோதே ஒன்று வந்தது, பாலக்காட்டிலிருந்து. அவர்கள் வந்து உட்கார்ந்து காப்பி கையில் வாங்கிய நேரம் பார்த்து அண்ணா வெளியே போய் வண்டியைக் கிளப்பினார். மற்ற நாளைவிட நீளமாக அமுக்கினார். பட்டுப்புடவையோடு அக்கா எழுந்து வாசலுக்கு வரவேண்டியதாயிற்று. திரும்ப உள்ளே வந்தபோது, வந்தவர்களில் ஒரு மாமி கேட்டாள், "உன் தம்பிக்கு எதாவது உபத்திரவம் உண்டோ?" அக்கா அதற்குமேல் அந்த இடத்தைப் பற்றிப் பேசவேயில்லை.

எனக்கு மனசு கேட்காமல், ஏன் இப்படியே இருந்துவிட்டீர்கள் என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன். அவள் புளி கரைத்துக்கொண்டிருந்தாள்.

"நான் போயிட்டா இவனை யாரு நிறுத்தறது, சொல்லு. பாயசம் இலையை விட்டு ஓடறது தெரியாதவன். வண்டியை எரிச்சுடுவான். கடையை எரிச்சுடுவான். என்னைக்காவது யாரையாவது கை நீட்டிடுவான். எனக்கு எங்கே போனாலும் காது இங்கேதான் இருக்கும். அப்படிப் போய் இன்னொருத்தர் ஆத்துல என்ன குடித்தனம் பண்றது?"

அவள் அதை வருத்தமாகச் சொல்லவில்லை. மழை வருமா என்று பேசுகிற மாதிரிச் சொன்னாள். எனக்குத்தான் கோபம் வந்தது. அப்போது அந்தக் கோபம் யார்மேல் என்று தெரியவில்லை.

அப்புறம் தஞ்சாவூரிலிருந்து ஒருவர் வந்தார். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். மனைவி தவறிச் சில வருடம் ஆகியிருந்தது. மெலிந்த, சத்தமில்லாத மனிதர். அன்றைக்கு அண்ணாவைக் கடையில் ஒரு பெரிய பார்ட்டி பிடித்துவைத்துக்கொண்டதால் அவரால் வர முடியவில்லை. சாயங்காலம் அக்கா என் மாடிக்கு ஏறி வந்தாள். வந்தவள் உட்காரவில்லை, ஜன்னலுக்கும் கட்டிலுக்குமாக நடந்தாள்.

"காப்பி இன்னும் கொஞ்சம் விடட்டுமான்னு கேட்டேன். போதும்னார். நான் சும்மா உபசாரத்துக்குன்னு நினைச்சு மறுபடி கேட்டேன். போதும், நிஜமாவே போதும்னு சொல்லிட்டு டம்ளரைத் தானே கொண்டு போய் வச்சார். எனக்கு ஒரு மாதிரி ஆயிடுத்துடி. போதும்னு தானே சொல்லத் தெரிஞ்ச ஆம்பிளையை நான் எங்க ஆத்துல பார்த்ததே இல்லை."

சரி என்று சொல்லிவிட்டாள். தெருவே அதிர்ந்தது. அண்ணாவின் சந்தோஷத்துக்கு அளவில்லை, அல்லது அப்படித்தான் தெரிந்தது. பந்தல்காரனிடம் ஒரு நாள், சமையல்காரரிடம் ஒரு நாள் என்று உச்சக்குரலில் பேசித் தீர்த்தார். ஜானவாசம் வேண்டும் என்று பிடித்த பிடியில் நின்றார். முகூர்த்தத்துக்கு முதல்நாள் சாயங்காலம் மாப்பிள்ளையைத் திறந்த காரில் ஏற்றி, நாகஸ்வரத்தோடு கோயிலிலிருந்து மண்டபத்துக்கு ஊர்வலமாக அழைத்துவருவதுதான் ஜானவாசம். இந்த வயதில் தனக்கு அதெல்லாம் எதற்கு, நடந்தே வந்துவிடுகிறேனே என்று வாத்தியார் போனில் கெஞ்சியிருக்கிறார்.

"என் அக்காவைக் கட்டிக்கப் போறவர் நடந்து வர்றதாவது. திறந்த கார் நம்மாத்துல நிக்கறது. நானே ஓட்டறேன்" என்றார் அண்ணா.

ஜானவாசத்தன்று காலை அக்காவும் நானும் பூ வாங்கச் சாலைக்குப் போனோம். கூட்டத்துக்கு நடுவே பிச்சிப்பூக் கூடையின் முன்னால் நின்றவள் திடீரென்று சொன்னாள், "வேண்டாம்னு சொல்லிடப் போறேன்."

நான் பூவை விட்டுவிட்டு அவளை ஓரமாக இழுத்துப்போனேன். இரண்டு வாரமாக அவள் தூங்கவில்லை என்று அப்போதுதான் சொன்னாள். படுத்தால் காதில் வண்டி ஓடுகிறதாம்.

"அக்கா, கிறுக்கா பிடிச்சிருக்கு ஒங்களுக்கு? அவரு என்ன கொழந்தையா?"

"அதுதான் எனக்குத் தெரியணும்" என்றாள். "இன்னிக்குச் சாயங்காலம் பசங்க வண்டியை அமுக்கச் சொல்லிக் கேப்பான்கள், இவன் அமுக்குவான். நான் வாசல்ல நிப்பேன். ஆனா வாயைத் திறக்க மாட்டேன். அவனா காலை எடுத்தான்னா நிம்மதியா கிளம்பிடறேன். எடுக்கலேன்னா, தட்டு மாத்தறதுக்கு முன்னாடி அவரைத் தனியா கூப்பிட்டு, என்னால முடியாதுன்னு சொல்லிடறேன். நீ யார்கிட்டயும் சொல்லப்படாது."

சொல்லமாட்டேன் என்றேன். அன்று முழுவதும் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. அண்ணாவிடம் போய்ச் சொல்லிவிடலாமா என்று இரண்டு தடவை கிளம்பினேன். சொன்னால் அது சோதனையாகாது. என் தொழிலில் அது முதல் பாடம். தொழிலைத் தூக்கிக் குப்பையில் போடத் தோன்றிற்று.

ஊர்வலம் கிளம்பியபோது வெளிச்சம் இருந்தது. முன்னால் நாகஸ்வரம், பின்னால் தெருக்காரர்கள், நடுவில் மல்லிகைச் சரம் சுற்றிய மஞ்சள் வண்டி. கோட்டு போட்டு மாலையோடு வாத்தியார், தப்பான பரீட்சை ஹாலில் வந்து உட்கார்ந்தவர் போல நெளிந்துகொண்டிருந்தார். ஓடுவதற்கென்றே செய்த வண்டி நடக்கவேண்டியிருந்தது. கிளட்ச் வாடை வந்தது. மண்டபத்தை அடைவதற்குள்ளேயே சூட்டு முள் மேலே ஏறியிருக்கும். அண்ணாவுக்கு அது தெரியாமல் இருக்காது.

பெண் வாசலில் நிற்கக்கூடாது என்று மாமிகள் சொல்லிப்பார்த்தார்கள். "இந்த வயசுல என்ன வெட்கம்" என்று அக்கா படிக்கு வந்து நின்றுவிட்டாள். நான் அவள் பக்கத்தில் நின்றேன். வண்டி வாசலுக்கு நேராக நிற்கவில்லை. கொஞ்சம் தாண்டிப் போய், முன்னும் பின்னும் நகர்ந்து நின்றது. எதற்கு என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

பையன்கள் வளைத்துக்கொண்டார்கள். "லிமிட்டர், சேட்டா, லிமிட்டர்" என்று கைதட்டினார்கள். இந்த ஊரில் இப்போது கல்யாணம், காலேஜ் விழா எதுவென்றாலும் நல்ல வண்டி ஒன்று வந்தால் இதைக் கேட்காமல் விடமாட்டார்கள். அண்ணா வாத்தியாரிடம் குனிந்து ஏதோ சொன்னார். வாத்தியார் காதைப் பொத்திக்கொண்டார்.

அமுக்கினார்.

வழக்கமாக அவள் சொல்கிற இடம் வந்தது, போயிற்று. அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். என் மணிக்கட்டைப் பிடித்திருந்த அவள் விரல்கள் எலும்பில் பதிந்தன. தடதடதடவென்று எஞ்சின் தட்டிக்கொண்டே இருந்தது. பின்னால் வெடித்தது. மல்லிகைச் சரம் கருகித் தொங்கிற்று. நாகஸ்வரக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டார். கைதட்டின பையன்கள் பின்வாங்கினார்கள். "சொல்லேண்டி, அவன் உன்னைத்தானே பார்க்கிறான்" என்று பின்னாலிருந்து யாரோ மாமி அக்காவின் தோளை உலுக்கினாள். அக்கா அசையவில்லை. வண்டியின் அடியிலிருந்து புகை வந்தது. எனக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது, நானே மதி என்று கத்திவிடலாம் என்று. கத்தியிருந்தால் அவர் நின்றிருக்கமாட்டார்.

அவர் கண்ணாடியை விட்டுவிட்டுத் திரும்பி நேராக அவளைப் பார்த்தார். அவள் வாய் மூடியிருப்பதைப் பார்த்தார். பார்த்துக்கொண்டேயிருந்தார். சத்தம் ஓடிக்கொண்டேயிருந்தது. அப்புறம் காலை எடுத்தார்.

முள் இறங்கி எஞ்சின் அடங்கியபோது, உள்ளேயிருந்து டொக்டொக்கென்று இரும்பு இரும்பில் முட்டுகிற சத்தம் வந்தது. பேரிங் போயிருந்தது. சாவியைத் திருப்பி அணைத்தார். வாத்தியார் இறங்கி, கருகின பூவை ஒதுக்கி, வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்டார். "ஒரு குழப்பமும் இல்லை, நீங்க உள்ளே வாங்கோ" என்றார் அண்ணா.

அக்கா என் கையை விட்டாள். நான் அவளைக் கட்டிக்கொண்டேன். ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. அவள் சந்தோஷப்படவில்லை. "நிறுத்திட்டான்" என்றாள். பிறகு ஒரு மூச்சு விட்டு, இன்னொரு தடவை, "நிறுத்திட்டானே" என்றாள்.

தட்டு மாற்றி, லக்னப் பத்திரிகை வாசித்து முடிந்தது. நான் அக்காவோடு சமையல்கட்டுக்குப் பின்னால் குழாயடியில் இருந்தேன். அண்ணா கை கழுவ வந்தார். வண்டியை ஓரமாகத் தள்ளிவிட்டுத் திறந்து பார்த்திருப்பார் போல, முழங்கை வரைக்கும் கறுப்பாக இருந்தது. எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

அக்கா சிரிக்கவில்லை. "உன்னால நிறுத்த முடியும்னா, இத்தனை வருஷம் ஏன்டா நிறுத்தலை?" என்று கேட்டாள்.

அவர் குழாயைத் திறந்தார். சோப்பைத் தேய்த்தார். பதில் வராது, எஞ்சினைப் பற்றித்தான் ஏதாவது சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"நான் நிறுத்தியிருந்தா நீ எப்பவோ போயிருப்பியே" என்றார்.

ரொம்பச் சாதாரணமாகத்தான் சொன்னார். இத்தனை நாளும் அவருக்கு அது தெரிந்தே இருந்தது. பாலக்காட்டுக்காரர்கள் வந்த அன்று எதற்கு வெளியே போய் வண்டியைக் கிளப்பினார் என்று எனக்குப் புரிந்தது. அவரை அந்தக் குழாயடியிலேயே ஓங்கி அறைய வேண்டும்போல இருந்தது. அவர் முகத்தைப் பார்த்தால் அழுகையும் வந்தது. இப்போது நான் வேறு ஊரில் இருக்கிறேன். இதை எழுதும்போதும் இரண்டும் சேர்ந்துதான் வருகிறது. ஒன்றைவிட்டு ஒன்றை எடுக்க முடியவில்லை.

"நாற்பத்தாறு வயசுடா எனக்கு" என்றாள் அக்கா.

சொல்லிவிட்டு, மாப்பிள்ளை வீட்டாருக்குக் காப்பி போயிற்றா என்று பார்க்க உள்ளே போனாள்.